"அவனா, நானா?" என்று கேட்டுவிட்டேன்

அன்புள்ள மேடம்,

திருச்சியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். என் அறைத்தோழி ஒன்றரை வருடமாக ஒருவனைக் காதலிக்கிறாள். தினமும் ராத்திரி பத்து மணிக்கு அவனுக்கு வீடியோ காலில் அறை முழுவதையும் சுற்றிக் காட்ட வேண்டும். அவளுடைய வாட்ஸ்அப் அவன் லேப்டாப்பிலும் திறந்திருக்கிறது. கபடி டீமை விட்டுவிட்டாள். "ஷார்ட்ஸ் போடக் கூடாதாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். போன மாதம் அவள் கையில் கன்றிப்போன தடம் பார்த்தேன். பிரிந்தால் போட்டோக்களை அப்பாவுக்கு அனுப்புவேன் என்று மெசேஜ் வேறு.

கோபத்தில் அவனுக்கே போன் போட்டுத் திட்டினேன். அவளிடம் "அவனா, நானா, முடிவு பண்ணு" என்றேன். பன்னிரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அவள் வீட்டில் சொல்லிவிடலாமா? சொன்னால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

– பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

பேசாவிட்டாலும் இரண்டு பேரும் ஒரே அறையில்தானே இருக்கிறீர்கள்? நல்லது. டீம், தோழிகள் என்று ஒவ்வொருவரையாக அவளிடமிருந்து கழற்றிவிட்டிருக்கிறான், மிச்சம் நீங்கள்தான். "அவனா, நானா" என்பது அவன் தினமும் கேட்கும் கேள்வி. அதையே நீங்களும் கேட்டுவிட்டீர்கள். (உங்கள் வயதில் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.)

அவனுக்கு இனி போன் செய்ய வேண்டாம். நீங்கள் திட்டியதற்கு அவன் அவளிடம்தான் கணக்குத் தீர்ப்பான். வாட்ஸ்அப்பிலும் எதையும் எழுதாதீர்கள், அவன் படிப்பான். நேரில் சொல்லுங்கள்: "அன்றைக்குக் கத்தியது தப்பு. அந்தத் தடத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. நீ அவனோடு இருந்தாலும் நான் உன் பக்கம்தான்." அவ்வளவுதான். பதில் வராமல் போகலாம். மறுநாள் வழக்கம்போல மெஸ்ஸுக்குக் கூப்பிடுங்கள். "அவன் நல்லவன், கோபம்தான் ஜாஸ்தி" என்று அவள் சொன்னால் வாதாடாதீர்கள். பிரிந்துவிட்டுத் திரும்பவும் சேர்ந்தாலும் கைவிட்டுவிடாதீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் வெளியே வருகிறார்கள்.

அவளாகப் பேச ஆரம்பித்ததும், மிரட்டல் மெசேஜ்களைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனில் வைக்கலாமா என்று கேளுங்கள். பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதையே நம் நாட்டுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78வது பிரிவு குற்றம் என்கிறது. முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. இது அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். ஆனால் லேப்டாப் இணைப்பைத் துண்டிப்பதும் புகார் கொடுப்பதும் அவள் சொல்லும் நேரத்தில்தான் நடக்க வேண்டும். திடீரென்று துண்டித்தால் அவன் வெறி ஏறும்.

வீட்டுக்கு, அவளைக் கேட்காமல் சொல்லாதீர்கள். உங்கள் பயம் நியாயமானது. அவள் நம்பும் ஓர் அக்காவோ அத்தையோ இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம். பெண்களுக்கான 181 உதவி எண்ணுக்கு நீங்களே பேசி யோசனை கேட்கலாம். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

கழுத்தை நெரித்தான் என்றோ, செத்துவிடலாம் போல் இருக்கிறது என்றோ அவள் சொன்னால் மட்டும் ரகசியம் காக்க வேண்டாம். அவளைத் தனியாக விடாமல், அந்த நிமிடமே வார்டனிடம் சொல்லுங்கள், 112-ஐ அழையுங்கள்.

செமஸ்டர் லீவுக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். லீவில் அவள் பக்கத்தில் நீங்களும் இருக்க மாட்டீர்கள்.