அணிவகுப்பைக் காட்ட யாரைக் கேட்க வேண்டும்?

குடியரசு தினம், சுதந்திர தினம் போன்ற அரசு விழாக்களை யார் ஒளிபரப்பலாம், யார் தடுக்கலாம் என்று கொழிஞ்சாம்பாறையிலிருந்து குமுளி வரை எல்லையோர வாசகர்கள் எழுதிக் கேட்டிருந்தார்கள். சிலர் பெயர் வேண்டாம் என்று சொன்னதால் எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

கே: டெல்லி அணிவகுப்பைத் தூர்தர்ஷன் மட்டும்தான் முழுதாகப் படம்பிடிக்கலாம், மற்ற சேனல்கள் அதை வாங்கித்தான் போட வேண்டும் என்கிறார்கள். எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது? – வாசகர், கொழிஞ்சாம்பாறை

ப: அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது. அரசின் பிடி வேறு வழியில் வருகிறது. விழாவை நடத்துவது பாதுகாப்பு அமைச்சகம். அணிவகுப்பு நடக்கும் கர்தவ்ய பாதையில் எந்த இடத்தில் யாருடைய கேமரா நிற்கலாம் என்பதைப் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கையில் வைத்திருப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அங்கே வரிசையாகக் கேமரா, கிரேன், நேரலைக்கான ஓபி வேன் எல்லாம் நிறுத்த இடம் கிடைப்பது தூர்தர்ஷனை நடத்தும் பொது ஒளிபரப்பாளரான பிரசார் பாரதிக்கு. அதனால் முழு நிகழ்ச்சியின் காட்சியும் அவர்களிடம்தான் இருக்கும்.

படம் பிடித்த பிறகுதான் சட்டம் வருகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 37ஆவது பிரிவின்படி ஒளிபரப்பிய நிறுவனத்துக்கு அந்த ஒளிபரப்பின் மீது 25 ஆண்டு உரிமை உண்டு. விழா நாட்டுக்குச் சொந்தம்தான். ஆனால் தூர்தர்ஷன் எடுத்த காட்சி பிரசார் பாரதிக்குச் சொந்தம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

செய்தி நிறுவனங்களுக்கென்று 2024 மார்ச்சில் பிரசார் பாரதி ‘ஷப்த்’ என்ற சேவையைத் தொடங்கியது. பதிவு செய்த நிறுவனங்கள் லோகோ இல்லாத காட்சிகளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சிறிய பத்திரிகைக்கும் உள்ளூர்ச் செய்தித் தளத்துக்கும் இது நல்ல வசதி. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாரும் ஒரே ஊற்றிலிருந்து எடுத்தால், அந்தக் கேமரா திரும்பாத பக்கம் யாருக்கும் தெரியாது. கூட்ட நெரிசலோ, மேடைக்கு எதிரே எழும் கோஷமோ அந்தச் சிக்னலில் வராமலே போகலாம். ஒளிபரப்பு அலைகள் பொதுச் சொத்து, அவற்றில் யாருக்கும் ஏகபோகம் கூடாது, அரசுக்கும் கூடாது என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் சொன்னது. தேசிய விழாக்களில் குறைந்தது சில இடங்களாவது தனியார் கேமராக்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று நாங்கள் சொல்வது அந்தத் தீர்ப்பை வைத்துத்தான்.

கே: அணிவகுப்பு எங்கள் கேபிளில் டிடி சேனலில் வருகிறது. ஆனால் சில கிரிக்கெட் மேட்ச் மட்டும் டிடி ஸ்போர்ட்ஸில் கேபிளில் வருவதில்லை. பக்கத்து வீட்டில் தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர் பார்க்கிறார். ஏன்? – வாசகர், வேலந்தாவளம்

ப: கேபிள்காரரைக் குறை சொல்ல வேண்டாம். முக்கியமான விளையாட்டுப் போட்டிகளின் சிக்னலை, உரிமை வாங்கிய தனியார் சேனல் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்பது 2007ஆம் ஆண்டுச் சட்டம். விளம்பர வருமானம் டிவியில் 75க்கு 25, வானொலியில் பாதிக்குப் பாதி. அப்படிப் பகிர்ந்த சிக்னலைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும் காட்டலாம், கேபிளுக்கும் தனியார் டிடிஎச்சுக்கும் அது போகக்கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அணிவகுப்புக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அது தூர்தர்ஷனே எடுக்கும் நிகழ்ச்சி.

கே: எங்கள் கண்ட்ரோல் ரூமில் ஃப்ரீ டிஷ் பாக்ஸ் வைத்து டிடி தமிழ், டிடி மலையாளம் இரண்டையும் கொடுக்கிறோம். ஆகஸ்ட் 15 காலையில் மழை வந்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. இன்னொன்று, அந்த நேரத்தில் டிடி படத்தின் கீழே உள்ளூர்க் கடைகளின் வாழ்த்து ஸ்க்ரோல் ஓட்டலாமா? – கேபிள் ஆபரேட்டர், சித்தூர் தாலுகா

ப: ஸ்க்ரோல் கூடாது. 1995ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம் 8ஆவது பிரிவு, அறிவிக்கையில் உள்ள தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் கொடுக்கச் சொல்கிறது. நிகழ்ச்சியை எதையும் நீக்காமல், மாற்றாமல் கொடுக்கவும் சொல்கிறது. நகைக்கடை வாழ்த்தை உங்கள் எம்எஸ்ஓ (உங்களுக்குச் சேனல்களைத் தரும் பெரிய கேபிள் நிறுவனம்) பதிவு செய்த உள்ளூர்ச் சேனலில் ஓட்டிக்கொள்ளுங்கள். 2022 நவம்பர் வழிகாட்டுதல்படி அந்தச் சேனலுக்கு ‘பிளாட்ஃபார்ம் சர்வீசஸ்’ என்ற குறிப்பு திரையில் இருக்க வேண்டும். ஒளிபரப்பியதன் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும். உள்ளூர்ச் செய்தி போடுவதென்றால் கம்பெனியாகப் பதிந்திருக்க வேண்டும். கேபிள் சட்ட மீறலுக்கு முன்பு சிறைத் தண்டனை இருந்தது. 2023இல் அதை எடுத்துவிட்டு எச்சரிக்கை, அபராதம் என்று மாற்றினார்கள். அதற்காக அலட்சியமாக இருந்துவிட வேண்டாம்.

மழை விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. ஃப்ரீ டிஷ் வருவது கிழக்கு 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15லிருந்து, கேயூ பேண்டில். இந்த அலைவரிசையைக் கனமழை தின்றுவிடும். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து டிஷ் தென்கிழக்காக, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 122 பாகை அளவில், தரையிலிருந்து 66, 67 பாகை உயரத்துக்குப் பார்க்க வேண்டும். இவ்வளவு செங்குத்தாகப் பார்ப்பதால் மலை மறைக்காது. பக்கத்துத் தென்னையின் மட்டை மறைக்கும். வெயில் காலத்தில் மட்டை இடைவெளியில் சிக்னல் தாக்குப்பிடிக்கும், ஜூலையில் நனைந்த மட்டை பட்டதும் விழுந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது, டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்என்பியின் மூடி. வெயிலில் பிளாஸ்டிக் வெடித்து நீர் உள்ளே போயிருந்தால் லேசான தூறலுக்கே படம் உடையும். அடுத்து கேபிள் முனையில் உள்ள எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பியில் பச்சை பூத்திருந்தால் கேபிள் முனையை ஒரு சாண் வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். எல்என்பியிலிருந்து இறங்கும் கேபிள் நேராகக் கட்டடத்துக்குள் போகாமல், ஒரு வளைவு தொங்கி ஏறட்டும். நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பிறகு, பாக்ஸில் சிக்னல் அளவு நன்றாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். குவாலிட்டி அளவைப் பார்த்துக்கொண்டே டிஷ்ஷை மிகச் சிறிது அசைத்து உச்சத்தில் முடுக்குங்கள். வெயில் நாளில் கொஞ்சம் விலகி நின்றாலும் படம் வரும், மழையில்தான் அந்த விலகல் காட்டிக்கொடுக்கும். இப்போது இருப்பதைவிடப் பெரிய டிஷ் போட்டால் இன்னும் நேரம் தாங்கும். ஆனாலும் கொட்டும் மழைக்கு முழுத் தீர்வு சி பேண்ட் என்ற வேறு அலைவரிசைக்கான டிஷ்தான். அதை மழை அவ்வளவாகத் தொடாது. செங்கோட்டையில் கொடி ஏறுவது காலை 7.30 வாக்கில், அன்று 6 மணிக்கே சி பேண்டுக்கு மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

கே: யூடியூபில் ஊர்ச் செய்திச் சேனல் நடத்துகிறேன். டிடி அணிவகுப்பில் 20 நிமிடம் போட்டதற்கு ஸ்ட்ரைக் வந்தது. எங்கள் எஸ்டேட் பள்ளியில் பிள்ளைகள் தேசிய கீதம் பாடியதை நானே எடுத்துப் போட்டேன், அதற்கும் ஒரு கம்பெனி உரிமை கேட்கிறது. இது என்ன நியாயம்? – வாசகர், மூணாறு

ப: இரண்டும் வேறு வேறு. ஸ்ட்ரைக் என்பது உரிமையாளர் நீக்கச் சொல்லி வந்தது. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். பதிப்புரிமைச் சட்டம் 39ஆவது பிரிவு, நடப்புச் செய்தி சொல்வதற்காக ஒளிபரப்பின் சிறு பகுதிகளை எடுக்க அனுமதிக்கிறது. உங்கள் மாவட்டத்து மாணவர் அணிவகுப்பில் நடந்ததைச் சொல்லும்போது அந்தச் சில நொடிகளைக் காட்டுவது செய்தி. 20 நிமிடத்தை அப்படியே ஏற்றுவது மறுஒளிபரப்பு. எதிர்மனு போட்டால் உரிமையாளருக்கு 10 வேலை நாள் அவகாசம், அதற்குள் அவர் வழக்குப் போடலாம். 20 நிமிட வீடியோவுக்காக அந்த வழியில் போகாதீர்கள். அதை நீக்கிவிட்டு, டிடியின் சொந்தச் சேனல் இணைப்பைக் கொடுங்கள்.

பள்ளி வீடியோவுக்கு வந்தது ஸ்ட்ரைக் அல்ல, தானியங்கி உரிமைக்கோரல். இதை எதிர்த்துப் போராடலாம், போராட வேண்டும். தாகூர் 1941இல் காலமானார். எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டு என்ற கணக்கில் ‘ஜன கண மன’ பாட்டின் உரிமை 2001 கடைசியோடு தீர்ந்துவிட்டது. பாட்டு எல்லாருக்கும் பொது. ஆனால் ஒரு கம்பெனி வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து தனியாக 60 ஆண்டு உண்டு. யூடியூபின் இயந்திரம் மெட்டு ஒத்துப்போனதும் அந்த ஒலிப்பதிவு என்று நினைத்துக்கொள்கிறது. பிள்ளைகள் வாயால் பாடியது என்றால் ‘டிஸ்பியூட்’ கொடுத்து, பாட்டு பொதுவுடைமை, ஒலிப்பதிவு எங்களுடையது, இன்ன தேதியில் இன்ன பள்ளியில் எடுத்தது என்று மூன்றே வரியில் எழுதுங்கள். அவர்கள் 30 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் கோரல் தானே விழும். பின்னால் ஸ்பீக்கரில் வாங்கிய இசைத்தட்டு ஓடியிருந்தால் மட்டும் இது எடுபடாது. அடுத்த முறை பள்ளியில் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் பாடச் சொல்லுங்கள்.

கே: பாலக்காடு கோட்டை மைதானத்தில் நடக்கும் விழாவை 249 கிராம் டிரோனில் எடுக்கலாமா? லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே. – வாசகர், கொல்லங்கோடு

ப: 250 கிராம் வரையுள்ள நானோ டிரோனுக்குப் பைலட் லைசென்ஸ் வேண்டாம் என்பது சரி. எங்கே வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளில், எஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி ஓரிடத்தை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலம் ஆக்கலாம். சிவப்பு மண்டலத்தில் எந்த எடைக்கும் அனுமதி வேண்டும். தரையில் நின்று எடுக்க மாவட்டத் தகவல் அலுவலகத்தில் பாஸ் கேளுங்கள். எத்தனை பேர், எத்தனை கேமரா, ட்ரைபாட் உண்டா என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அன்று காலை வாசலில் ட்ரைபாடைத் திருப்பி அனுப்புவதுதான் அடிக்கடி நடக்கிறது.

கே: சட்டமன்றத்தைச் சேனல்கள் ஏன் சொந்தக் கேமராவில் காட்டுவதில்லை? – வாசகர், மறையூர்

ப: சபைக்குள் சபாநாயகர் வைத்ததுதான் விதி. குடியரசுத் தலைவரின் நாடாளுமன்ற உரை 1989 டிசம்பர் 20 அன்றுதான் முதன்முதலில் நேரடியாக டிவியில் வந்தது. இன்று டெல்லியில் சன்சத் டிவி, கேரளத்தில் 2020 ஆகஸ்டில் தொடங்கிய சபா டிவி. 2022 ஜூனில் எதிர்க்கட்சியின் அமளியைச் சபா டிவி காட்டவில்லை, ஊடகத்தாரையும் கட்டுப்படுத்தினார்கள் என்று பெரிய புகார் எழுந்தது. கேமராவை வைத்திருப்பவர் சபையே என்னும்போது, சபைக்குச் சங்கடமான காட்சியை யார் காட்டுவது? தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் கேள்வி நேரம் நேரலையானது. முழு நடவடிக்கையும், வெட்டாமல், இரண்டு மாநிலத்திலும் வர வேண்டும்.

கே: விழா நாளில் போலீஸ்காரர் ஒருவர் போனில் ‘அந்தச் சேனலை நிறுத்து’ என்றார். நிறுத்தியாக வேண்டுமா? – கேபிள் ஆபரேட்டர், குமுளி

ப: கேபிள் சட்டம் 19ஆவது பிரிவின்படி ஒளிபரப்பைத் தடுக்கலாம்தான். ஆனால் அந்த அதிகாரம் மாவட்ட கலெக்டர், சப் டிவிஷனல் மாஜிஸ்திரேட், போலீஸ் கமிஷனர் போன்ற, சட்டத்தில் சொல்லப்பட்ட அதிகாரிகளுக்கு. அதுவும் உத்தரவாக வர வேண்டும். ஸ்டேஷனிலிருந்து வரும் போன் உத்தரவு ஆகாது. மரியாதையாக, ‘சார், எழுத்தில் கொடுங்கள், உடனே செய்கிறோம்’ என்று சொல்லுங்கள். நேரலை பற்றி நேராகச் சொல்லும் விதி ஒன்று 2015இல் சேர்க்கப்பட்டது: பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை நடக்கும்போது நேரடிக் காட்சி கூடாது, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டும் சொல்லலாம். அது உயிர் காக்கும் விதி, தயங்காமல் பின்பற்றுங்கள். அதைத் தவிர, தேசப் பாதுகாப்பு என்ற சொல்லைச் சொன்னாலே போதும் என்ற நிலை இல்லை. மீடியா ஒன் மலையாளச் சேனலின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்ததை உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5 அன்று ரத்து செய்தது. தேசப் பாதுகாப்பு என்ற காரணத்தை ஆதாரம் இல்லாமல் சொல்ல முடியாது என்றும் தீர்ப்பில் எழுதியது. போன் வந்த நேரம், எண், பேசியவர் சொன்ன பதவி, சொன்ன வார்த்தை ஆகியவற்றை ரிஜிஸ்டரில் அப்போதே எழுதி, அதையே எம்எஸ்ஓவுக்கு மெயிலும் அனுப்பிவிடுங்கள்.