பாங்காக்கில் அப்பா அம்மாவுடன் சுற்ற: காருக்குக் கொடுக்கும் காசை அறைக்குக் கொடுங்கள்

கேள்வி: முதல் முறையாக அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான்கு நாள் பாங்காக் போகிறோம். அம்மாவுக்கு மூட்டு வலி. ஊருக்குள் சுற்ற நாள் முழுக்க ஒரு கார் பேசிக்கொள்வது நல்லதா, மெட்ரோவிலேயே சமாளிக்கலாமா?

கார் பேசாதீர்கள். மூட்டு வலியை நினைத்துத்தான் நானும் முதல் தடவை கார் பேசினேன். அசோக் என்ற பகுதிக்குப் பக்கத்தில் தங்கியிருந்தோம். ஆற்றங்கரையில் இருக்கும் வாட் அருண் என்ற புத்தர் கோயிலின் கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குவதை எதிர்க்கரையிலிருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. பத்து கிலோமீட்டருக்குள்தான். ஐந்து மணிக்குக் கிளம்பினோம். அந்த ஊரில் பல சந்திப்புகளில் போலீஸ்காரர் கூண்டுக்குள் உட்கார்ந்து சிக்னலைக் கையால் மாற்றுகிறார். ஒரு சிவப்பு விழுந்தால் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு போனை எடுத்துவிடுகிறார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் சூரியன் எப்போதோ போயிருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்திருந்ததில் அம்மாவின் முட்டி, நடந்தே போயிருந்தால் வீங்கியிருப்பதைவிட மோசமாக வீங்கிவிட்டது. “இதுக்கு நம்ம தி.நகரே தேவலைடா” என்றார்.

அடுத்த தடவை செய்த ஒரே மாற்றம், அறை. பாங்காக்கில் நீங்கள் எப்படிச் சுற்றப் போகிறீர்கள் என்பது ஓட்டல் புக் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. விலாசத்தில் ‘சுகும்வித்’ என்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தச் சாலை கம்போடிய எல்லை வரை போகிறது. பார்க்க வேண்டியது சோய் எண். சோய் என்றால் பெரிய சாலையிலிருந்து பிரியும் சந்து. ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம், ஆனால் இரண்டும் சேர்ந்து நகராது. சோய் 55-க்கு எதிரே இருப்பது 38. நான் இது தெரியாமல் 54-ஐத் தேடிக் கொளுத்தும் வெயிலில் அலைந்திருக்கிறேன். சில சோய்கள் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போகும். அதனால் ‘ஸ்டேஷனிலிருந்து 300 மீட்டர்’ என்று வரைபடத்தில் நீங்களே அளந்து பார்த்து எடுங்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் பரவாயில்லை, கார் வாடகையில் மிச்சமாகிவிடும்.

என்னைக் கேட்டால் அசோக்தான். அங்கே மேலே போகும் பிடிஎஸ் ரயிலும் கீழே போகும் எம்ஆர்டி ரயிலும் சந்திக்கின்றன. இரண்டும் தனித்தனி நிறுவனங்கள், தனித்தனி டிக்கெட். கூத்து என்னவென்றால், சந்திக்கும் இடத்துக்குக்கூட ஒரே பெயர் வைக்கவில்லை. பிடிஎஸ்ஸில் அது அசோக், எம்ஆர்டியில் சுகும்வித். அதேபோல சாலா டெங் என்பது கீழே போனால் சீலோம், மோ சிட் என்பது சாட்டுசாக் பார்க். அப்பாவை மேலே விட்டுவிட்டு நான் கீழே நின்று “சுகும்வித் ஸ்டேஷனுக்கு வாங்க” என்று போனில் கத்தியது இன்னும் வீட்டில் ஜோக்.

டிக்கெட்டுக்குக் கவுண்டரில் நிற்க வேண்டாம். எம்ஆர்டி நீலத் தடத்தில் வீசா, மாஸ்டர்கார்டு அட்டையை வாசலில் தொட்டாலே கதவு திறக்கும். ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். நம் ஊர் வங்கி அட்டைகளில் வெளிநாட்டு உபயோகமும் இந்தத் தொடு வசதியும் பெரும்பாலும் மூடியே இருக்கும். கிளம்புவதற்கு முன் வங்கி ஆப்பில் இரண்டையும் திறந்துவிடுங்கள். பிடிஎஸ்ஸுக்கு, முன்பணம் போட்டு வைக்கும் ராபிட் கார்டு என்று ஒன்று விற்கிறார்கள்; நான்கு நாள் என்றால் வாங்கலாம்.

மூட்டு வலிக்காரர்களுக்கு உண்மையான சோதனை பிடிஎஸ் படிகள்தான். பல ஸ்டேஷன்களில் எஸ்கலேட்டர் மேலே மட்டும் போகும், இறங்கப் படிதான். அம்மாவுக்கோ ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் எல்லா வாசலிலும் இல்லை. அதனால் ஓட்டலை எடுக்கும்போதே எந்த வாசலில் லிஃப்ட் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஸ்டேஷனில் இருந்தால் திடீரென்று எல்லோரும் சிலையாக நிற்பார்கள். தேசிய கீதம். நீங்களும் நின்றுவிடுங்கள். முதல் நாள் எங்களுக்கு விஷயம் தெரியாது. அத்தனை கூட்டத்துக்கு நடுவே நாங்கள் மூவர் மட்டும் ‘வழி விடுங்க’ என்று நடந்துகொண்டிருந்தோம்.

அரண்மனை பக்கம் ரயில் கிடையாது என்று பழைய பயணக் கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். 2019-லிருந்து எம்ஆர்டியில் சனாம் சாய் ஸ்டேஷன் இருக்கிறது. அசோக்கிலிருந்து ரயில் மாறாமல் அரை மணிக்குள் போய்விடலாம். வெளியே வந்தால் வாட் போ கோயில் ஐந்து நிமிட நடை. அதற்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால் வாட் மங்கோன், அதுதான் சைனா டவுன்.

இப்போது நல்ல பகுதிக்கு வருகிறேன். ஆறு. பிடிஎஸ்ஸில் சபான் தக்சின் போய் இறங்கினால் சாத்தோன் படகுத்துறை காலடியில். அங்கே சுற்றுலாப் படகுக்கான கவுண்டர்தான் முதலில் கண்ணில் படும், நல்ல ஆங்கிலத்தில் அழைப்பார்கள். தாண்டிப் போய் ‘ஆரஞ்சுக் கொடி’ என்று கேளுங்கள். உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போகிற படகு அது. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், நாங்கள் போனபோது 16 பாட் (பாட் என்பது தாய்லாந்து நாணயம்). பின்பக்கம் பிக்குகளுக்கு ஒதுக்கிய இடம் உண்டு; பெண்கள் அவர்கள் மேல் படாமல் தள்ளி நிற்பது வழக்கம், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தா தியென் துறையிலிருந்து அக்கரை வாட் அருணுக்குச் சின்னப் படகு போகிறது. காரில் போய்த் தவறவிட்ட சூரியனை அடுத்த தடவை அந்தத் துறையில் ஆளுக்கொரு இளநீரோடு நின்று பார்த்தோம்.

சென் செப் கால்வாய்ப் படகு வேறு ரகம். 1837-ல் தாய்லாந்து மன்னர் மூன்றாம் ராமா காலத்தில், கம்போடியா பக்கம் படை அனுப்ப வெட்டத் தொடங்கிய கால்வாய். தண்ணீர் கறுப்பு, வாடையும் உண்டு. படகு துறையில் கட்டி நிற்காது. உரசிக்கொண்டு சில நொடி நிற்கும், அதற்குள் விளிம்பில் கால் வைத்துக் குதித்து உள்ளே இறங்க வேண்டும். நடத்துநர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படகின் வெளி விளிம்பில், கயிற்றைப் பிடித்தபடி நடந்து காசு வாங்குகிறார். எதிரே இன்னொரு படகு வந்தால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் கயிற்றை இழுக்க வேண்டும். பிளாஸ்டிக் திரை மேலே வந்து சாரலைத் தடுக்கும். அப்பாவுக்கு அந்தக் கயிற்று வேலை கிடைத்துவிட்டது. பிரதுநாம் துறையில் படகு மாறி பான்ஃபா துறை வரை ஒரு தடவைகூடக் கயிற்றை விடவில்லை. உங்கள் அம்மாவை இதில் ஏற்ற வேண்டாம். நீங்களும் அப்பாவும் மட்டும் ஒரு காலை போய் வாருங்கள்.

டாக்ஸியே கூடாது என்று சொல்லவில்லை. காலை ஏழுக்கு முன்பும் இரவு ஒன்பதுக்குப் பிறகும் நன்றாகவே ஓடும். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும்; மீட்டர் போட மாட்டேன் என்றால் சிரித்துவிட்டு அடுத்ததைக் கைகாட்டுங்கள், இல்லை ஆப்பில் கூப்பிடுங்கள். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் ஃபயா தாய் ஸ்டேஷன் வரை ரயில் அரை மணிதான், ஆனால் பெட்டிகளோடு பெற்றோரையும் கூட்டிக்கொண்டு மாறி மாறி ஏற வேண்டும். அன்றைக்கு மட்டும் டாக்ஸி. இயந்திரத்தில் வரும் சீட்டில் உள்ள எண்ணின் வரிசைக்குப் போய் ஏறுங்கள்; சீட்டை டிரைவரிடம் கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட், டோல் தனி.

டுக் டுக், அதாவது அந்த ஊர் ஆட்டோ, ஒரே ஒரு தடவை, படம் எடுக்க. அரண்மனை வாசல் பக்கம் இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் வந்து “இன்று மதியம் வரை மூடியிருக்கிறது, அதற்குள் வேறு கோயில்கள் காட்டுகிறேன், இருபது பாட்” என்பார். எங்களிடமும் சொன்னார், நம்பி ஏறினோம். கோயில் ஒன்று வந்தது, அப்புறம் வரிசையாக நகைக்கடையும் தையற்கடையும். அரண்மனை காலையிலிருந்தே திறந்திருந்தது.

கடைசியாக, அம்மா எப்படியும் கேட்பார். சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, 19-ஆம் நூற்றாண்டில் அங்கே போன தமிழர்கள் கட்டியது. டாக்ஸியில் மாரியம்மன் என்றால் யாருக்கும் புரியாது, ‘வாட் கேக்’ என்று சொல்லுங்கள். ரயிலில் போனால் சுரசக்கில் இறங்கிப் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. சாமந்தி மாலை வாசலிலேயே கிடைக்கும்.