இங்கிலாந்தில் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்த ஓட்டெடுப்பு நடத்தச் சட்டத்தில் என்ன தடை? நம் ஊரில் எப்படி?

குலசேகரம் பக்கத்தில் ஒரு தனியார் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு பார்த்தவன் நான். பல வருஷம் சங்கக் கிளைச் செயலாளராகவும் இருந்தேன். என் தங்கை மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

2023 ஜூனில் ஒருநாள் வீடியோ காலில் அவள் முகம் வாடியிருந்தது. அங்கே நர்ஸ்களின் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் வேலைநிறுத்தத்துக்கு ஓட்டெடுப்பு நடத்திக்கொண்டிருந்த நேரம். "மாமா, ஓட்டுச்சீட்டு பழைய வீட்டுக்குப் போயிட்டு" என்றாள். ஆன்லைனில் போட முடியாதா என்று கேட்டேன். முடியாது, தபால் ஓட்டு மட்டும்தான் என்றாள். வேறு சீட்டு கேட்டு வாங்கலாம். ஆனால் நைட் டூட்டி அலைச்சலில் அதற்கான கடைசி நாளும் கடந்திருந்தது.

அந்த ஓட்டெடுப்பில் வாக்களித்தவர்களில் 84 சதவீதம் பேர் வேலைநிறுத்தம் வேண்டும் என்றார்கள். ஆனால் ஓட்டுரிமை இருந்த உறுப்பினர்களில் வாக்களித்தவர்கள் 43 சதவீதம்தான். 2016 தொழிற்சங்கச் சட்டப்படி பாதிப் பேராவது ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். அதனால் வேலைநிறுத்தம் இல்லை என்று ஆகிவிட்டது.

இந்த 50 சதவீதக் கணக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 100 உறுப்பினர்களில் 49 பேர் ஓட்டுப் போட்டு 49 பேரும் 'வேண்டும்' என்றால் செல்லாது. எதிர்ப்பவர் ஒருவர் வந்து 'வேண்டாம்' என்று போட்டால் 50 ஆகிவிடும், உடனே செல்லும்! அப்படியென்றால் எதிர்ப்பவர் ஓட்டுப் போடாமல் வீட்டில் இருப்பதுதான் அவருக்கு லாபம். வீடு மாறியவள், சீட்டுக் கிடைக்காதவள் எல்லோரும் 'வேண்டாம்' கணக்கில் போய்ச் சேருகிறார்கள். இது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பெரும்பான்மை இருந்தாலும் முறையில் பிடிப்பார்கள். 2019-இல் ராயல் மெயில் தபால்காரர்கள் ஓட்டெடுப்பில் சுமார் 76 சதவீதம் பேர் வாக்களித்து, அதில் 97 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். ஆனாலும் உயர் நீதிமன்றம் தடை போட்டது. சீட்டு வீட்டுக்குப் போகும் முன்பே வேலை செய்யும் இடத்தில் வாங்கிப் பிரித்து ஓட்டுப் போடும்படி சங்கம் ஊக்குவித்தது குறுக்கீடு என்பது காரணம்.

கிடைத்த ஆதரவுக்கும் ஆயுள் 6 மாதம்தான் இருந்தது. நர்ஸ்களின் முந்தைய ஓட்டெடுப்பு 2022 நவம்பர் 2-ஆம் தேதி முடிந்தது. 2023 மே 2 வரை அறிவித்திருந்த வேலைநிறுத்தத்தை, 6 மாதம் முந்தைய நாளோடு முடிகிறது என்று அரசு கோர்ட்டுக்குக் கொண்டுபோய், அந்தக் கடைசி நாளை வெட்ட வைத்தது. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதுச் சட்டம் 6 மாதத்தை 12 ஆக்குகிறது. முதலாளிக்குத் தரவேண்டிய முன்னறிவிப்பையும் 14 நாளிலிருந்து 10 நாளாகக் குறைக்கிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே வேலைநிறுத்தத்துக்கு ரகசிய ஓட்டெடுப்பு நடத்தியே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. எங்கள் தோட்டத்தில் பால் எடை போடும் கொட்டகை முன்னால்தான் கூட்டம் நடக்கும். பெண்கள் ஒட்டுப்பால் பிசுக்கு ஒட்டிய கையை அப்படியே தூக்குவார்கள், நான் எண்ணுவேன். தபாலும் இல்லை, கவரும் இல்லை.

எங்களுக்குத் தடை வந்தது, நாங்கள் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்த பிறகுதான். அன்றைய சட்டத்தில் தனியார் தோட்டத்துக்கு நோட்டீஸ் கட்டாயம் இல்லை. முறையாகப் போவோம் என்று நாங்கள் கொடுத்தோம். தொழிலாளர் துறையினர் நாகர்கோவிலில் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்கள். நிர்வாகத் தரப்பு வரவில்லை, தேதி தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. ரப்பரில் நல்ல பால் கிடைப்பது ஐப்பசி மழை விட்ட பிறகு தை வரைக்கும்தான். மாசியில் மரம் இலை உதிர்த்துவிட்டால் பால் இல்லை, அப்புறம் நாங்கள் கத்தியைக் கீழே வைத்து யாருக்கு நஷ்டம்? கூலி உயர்வு கேட்டுக் கார்த்திகையில் தூக்கிய கைகள் மாசியில் பயனில்லாமல் போயின.

இப்போது அந்தக் காத்திருப்பு எல்லாத் தொழிலுக்கும் சட்டமாகவே ஆகிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புப்படி, நோட்டீஸ் கொடுத்து 14 நாளுக்குள் வேலைநிறுத்தத்தில் இறங்கக் கூடாது. இரு தரப்பையும் பேசவைக்கும் சமரச அதிகாரி முதல் கூட்டத்தை நடத்திவிட்டால் அந்தச் சமரசப் பேச்சு முடியும்வரைக்கும், முடிந்து 7 நாளும் இறங்கக் கூடாது. வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனால் முடிந்த பிறகும் 60 நாள். பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். மீறினால் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது இங்கிலாந்தில் வேலையில் இருந்தால் ஒன்று சொல்லுங்கள். வீடு மாறினால் அன்றைக்கே சங்கத்துக்கு முகவரியைத் தெரிவிக்க வேண்டும். என் தங்கை மகள் அதற்குப் பிறகு ஒரு தடவை வீடு மாறினாள். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் அதைத்தான் செய்தாள்.