பொடி விற்க எத்தனை பதிவு வேண்டும்?

கேள்வி: வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து அக்கம்பக்கத்தில் விற்கிறேன். இப்போது இரண்டு கடைகளிலும் கேட்கிறார்கள். "எம்எஸ்எம்இ சர்டிபிகேட் இல்லாமல் விற்கக் கூடாது, 3,500 ரூபாய் கொடுத்தால் எடுத்துத் தருகிறோம்" என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொல்வது உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனம் (எம்எஸ்எம்இ) என்று மத்திய அரசிடம் பதிந்துகொள்வது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பதிவுக்கு அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. ஆதார் எண்ணைப் போட்டால், ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓடிபி வரும், பான் எண்ணைச் சேர்த்து, என்ன தொழில், எங்கே, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று நிரப்பினால் முடிந்தது. எந்த ஆவணத்தையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டாம், வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டாம். தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள், ஏனென்றால் அரசுத் தளம் மாதிரியே தேசியக் கொடி வண்ணத்தில் போட்டுக் காசு வாங்கும் தனியார் தளங்கள் நிறைய. பணம் கட்டச் சொல்லி ஒரு பக்கம் வந்துவிட்டாலே நீங்கள் தப்பான இடத்தில் இருக்கிறீர்கள். பெரும்பாலும் சிக்கல் வருவது இரண்டு இடத்தில்: ஆதாரில் பழைய போன் நம்பர் இருப்பது, ஆதாரிலும் பான் கார்டிலும் பெயர் வேறு வேறாக இருப்பது. அதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, உத்யம் என்பது விற்பதற்கான அனுமதியே இல்லை. வங்கிக் கடனுக்கும் நடப்புக் கணக்குத் தொடங்கவும் உதவும், அதற்காக எடுத்து வைப்பது நல்லது. ஆனால் உங்களுக்குக் கட்டாயம் வேண்டியது, அவர் வாய் திறக்காத எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு, அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு. வீட்டில் செய்தாலும் சாப்பிடும் பொருளை விற்றால் இது வேண்டும். உங்கள் அளவுக்கு அடிப்படைப் பதிவு போதும், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து சமையலறையைப் பார்க்கலாம், அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

கடைக்குக் கொடுக்கும்முன் பாக்கெட்டைக் கையில் எடுத்து ஒருமுறை வாங்குபவராகப் பாருங்கள். பொருளின் பெயர், அதில் என்னென்ன இருக்கிறது, உங்கள் பெயரும் முகவரியும், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், எல்லா வரியும் சேர்த்த விலை, புகார் சொல்ல ஒரு போன் நம்பர், சைவத்துக்கான பச்சைக் குறி, அப்புறம் அந்த 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண். இதில் ஒன்று விட்டுப்போனாலும் ஆய்வில் மாட்டுவது கடைக்காரரும்தான், அடுத்த முறை அவர் உங்களிடம் வாங்க மாட்டார். பாக்கெட் போட்டு விற்பவர்கள் எடையளவுச் சட்டத்தின் கீழ் பேக்கராகவும் (பொருளைப் பாக்கெட் போடுபவராகவும்) பதிய வேண்டும், தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை, கட்டணம் 500 ரூபாய். பாக்கெட் போட ஆரம்பித்த 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆடிட்டர்கள்கூடப் பல பேர் இதைச் சொல்வதில்லை. எடை போடும் மின்னணுத் தராசுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வைக்க வேண்டும்.

கேள்வி: வருடத்துக்கு 5 லட்சத்துக்குத்தான் புடவை விற்கிறேன். பெங்களூரில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கும் கூரியரில் அனுப்புகிறேன். 40 லட்சம் வரை ஜிஎஸ்டி வேண்டாம் என்கிறார்களே?
(வாசகி, சேலம்)

பதில்: அந்த 40 லட்சம் மாநிலத்துக்குள் பொருள் விற்பவர்களுக்கு. சேவைத் தொழில் என்றால் 20 லட்சம். நீங்கள் ஓசூர் தாண்டிப் பார்சல் அனுப்புகிறீர்கள், அது மாநிலம் விட்டு மாநில விற்பனை. வரி உள்ள பொருளை அப்படி விற்றால் தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதிவு எடுக்க வேண்டும். கைவினைப் பொருட்கள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு, உங்கள் புடவை கைத்தறி என்றால் அதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "1 சதவீதம் கட்டினால் போதும், காம்போசிஷனில் போய்விடுங்கள்" என்று யாராவது சொன்னால், மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் அந்தத் திட்டம் வெளி மாநிலத்துக்கு விற்பவர்களுக்குக் கிடையாது.

பதிவு இலவசம்தான். ஆனால் எடுத்த பிறகு விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் (கணக்குத் தாக்கல்) போட வேண்டும், மறந்தால் நாள் ஒன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். ஆகவே கர்நாடக ஆர்டர்கள் உண்மையிலேயே தொடர்ந்து வருகின்றனவா என்று கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வராது என்றால் தமிழ்நாட்டோடு நிறுத்திக்கொள்வதும் சரியான முடிவுதான்.

கேள்வி: நானும் நண்பனும் சேர்ந்து தையல் யூனிட் போடுகிறோம். அவன் பணம் போடுகிறான், நான் முழு நேரமும் வேலை பார்க்கிறேன். எங்களுக்குள் எழுத்து எதற்கு என்கிறான்.
(வாசகர், திருப்பூர்)

பதில்: நட்பு நிலைக்க வேண்டும் என்றுதான் எழுதச் சொல்கிறேன். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, எதுவும் பேசி முடிவு செய்யாவிட்டால் லாபமும் நஷ்டமும் சரிபாதி. நீங்கள் இரவு பகலாக மெஷின் ஓட்டினாலும் அதற்குத் தனிச் சம்பளம் கேட்க முடியாது. நிறுவனத்தின் கடனுக்கு இருவரும் சொந்தச் சொத்து வரை பொறுப்பு, அவர் வாங்கிய நூல் பாக்கிக்கும் உங்கள் வீட்டைத் தேடி வரலாம். யார் எவ்வளவு போட்டார், உங்களுக்கு மாதம் என்ன சம்பளம், ஒருவர் விலகினால் மெஷின் யாருக்கு என்று முத்திரைத்தாளில் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் பதிந்துவிடுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதியாத நிறுவனம் பணம் தராத பார்ட்டி மேல் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. திருப்பூரில் இருந்துகொண்டு அந்த உரிமையை விடலாமா?

ஜாப் ஒர்க் (அடுத்தவர் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) எடுக்கும்முன்பே உத்யமும் எடுத்துவிடுங்கள். பதிந்த குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குமேல் பணம் இழுத்தடித்தால் வட்டியோடு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கேள்வி: உத்யத்தில் என் கடைப் பெயரைப் பதிந்துவிட்டேன். இனி வேறு யாரும் வைக்க முடியாதுதானே?
(வாசகர், மதுரை)

பதில்: வைக்கலாம். பெயருக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் டிரேட்மார்க் (வணிகக் குறி) தனியாகப் பதிய வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகைப் பொருளுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. போர்டு எழுதக் கொடுப்பதற்கு முன் அதே பெயரில் யாராவது பதிந்திருக்கிறார்களா என்று டிரேட்மார்க் தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். பதிவு கைக்கு வரும்வரை வட்டத்துக்குள் ஆர் போடும் குறியை பாக்கெட்டில் போடாதீர்கள், அது குற்றம். டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம்.