வாட்டர்கலரில் வெள்ளைப் பூ வரைந்தால் அழுக்காகத் தெரிகிறது. வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவருவது?

வாட்டர்கலரில் வெளிச்சத்தைத் தீட்ட முடியாது, விட்டுவைக்கத்தான் முடியும். மெல்லிய வண்ணத்தின் ஊடே போகும் ஒளியை அடியில் இருக்கும் காகிதம் திருப்பி அனுப்புகிறது. ஆக, வெயில் படும் இதழ் வெறும் காகிதம்தான். அந்த இடத்தை முதலிலேயே பென்சிலால் லேசாகக் குறித்துவிடுங்கள்.

நிழலுக்குக் கறுப்பைத் தொடவே வேண்டாம், அழுக்கு வருவது பெரும்பாலும் அதனால்தான். வானம் பார்த்த பக்கத்துக்கு நீர்த்த நீலம். இதழ்கள் சேரும் குழிவில் ஒளி உள்ளுக்குள்ளேயே பட்டுத் தெறிப்பதால் அங்கே இளமஞ்சள். இரண்டும் ஈரத்திலேயே தொட்டுக்கொள்ளட்டும், தூரிகையால் குழப்பாதீர்கள். லேசாகப் பச்சை தட்டினால் இன்னும் அழகு.

பின்னணி இலைகளைத் துணிந்து அடர்த்தியாகப் போடுங்கள், காய்ந்ததும் வெளிறும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்திக் காகிதம் நல்லது. மெல்லிய தாள் நெளிந்துவிடும்.