பூட்டனாரின் பொக்கற் மணிக்கூடு

வணக்கம் ஐயா,

மலாயா ரயில்வேயில் வேலை பார்த்து, பென்சனோடு ஊர் திரும்பியவர் என் பூட்டனார். அவருடைய ரங்குப்பெட்டியில் ஒரு பொக்கற் மணிக்கூடு கிடைத்தது. பின்மூடியில் பூக்கூடையோடு ஒரு பெண்ணின் எனாமல் ஓவியம். ஓரத்தில் அரிசிமணி அளவு பெயர்ந்திருக்கிறது. ஒரு நகைப்பட்டறையில் காட்டினேன். சூடாக்கிப் புது எனாமல் வைத்து, பொலிஷ் பண்ணித் தரலாம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

ஒரு வாசகி, வட்டுக்கோட்டை

அன்புள்ள தங்கைக்கு,

கொடுக்க வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. என் அப்பப்பாவின் மணிக்கூட்டில் சங்கிலி மாட்டும் வளையம் அறுந்தபோது, நானே ஒரு பட்டறையில் பற்றவைக்கக் கொடுத்தேன். நெருப்புப் பட்டது வளையத்தில்தான். வெடித்துக் கொட்டியதோ பின்மூடியின் நீல எனாமல்.

எனாமல் பெயின்ற் இல்லை, கண்ணாடி. கண்ணாடித் தூளை உலோகத்தின்மேல் பரப்பி, ஏறக்குறைய 800 பாகை செல்சியஸ் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைப்பது. அதன்மேல் படம் தீட்டும் வித்தையை 1630 வாக்கில் பிரான்சில் ழான் தூத்தேன் என்ற பொற்கொல்லர் வளர்த்தெடுத்தார். பிறகு ஜெனீவா அதில் பேர்போனது. நிறப்பொடியை எண்ணெயில் குழைத்து, மெல்லிய தூரிகையால் தீட்டி, சூளையில் வைத்து எடுத்து, மறுபடி தீட்டி மறுபடி வைப்பார்கள். அதிக சூடு தாங்கும் நிறம் முதலில், தாங்காதது கடைசியில். ஒவ்வொரு தடவையும் முழுப் படமும் நெருப்புக்குள் போய்த் தப்பி வரவேண்டும். எல்லாம் முடிந்தபிறகு ஜெனீவாக்காரர் மேலே நிறமில்லாத கண்ணாடிப் பூச்சு ஒன்றும் போடுவார்கள். அப்படிப்பட்ட மூடியை இன்னொரு தடவை நெருப்பில் காட்டினால் அந்த முகம் மிஞ்சுமென்று யாரும் உறுதி தரமுடியாது.

ஒரு லென்ஸ் வைத்து அவளுடைய கன்னத்தைப் பாருங்கள். புள்ளிகள் மூக்கோரம் நெருங்கியும் கன்னத்தில் விலகியும் ஒழுங்கில்லாமல் இருந்தால் கைவேலை. கோடு பிடித்தாற்போல் வரிசையாக இருந்தால் அச்சுப்படம். எதுவானாலும் பொலிஷ் வேண்டாம். நகைகளைக் கழுவும் அதிர்வுத் தொட்டியிலும் போடவிடாதீர்கள். மயிரிழை வெடிப்பு இருந்தால்கூட எனாமல் தெறித்து வந்துவிடும்.

பெயர்ந்த இடம் அப்படியே இருக்கட்டும். பழைய வேட்டித்துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். ஆசைக்கு முறுக்கிப் பார்க்கவும் வேண்டாம், உள்ளே எண்ணெய் காய்ந்து போயிருக்கும். மணிக்கூடு திருத்துபவர் கழற்றித் துடைக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். அப்புறம், உள்மூடியில் எழுத்து ஏதாவது வெட்டியிருந்தால் படமெடுத்து அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன்.