ஆமை அம்மாவா, அப்பாவா?

அன்புள்ள ஐயா,

கென்யாவில் நடந்த ஓவன் என்ற நீர்யானைக் குட்டி, முஸே என்ற கிழட்டு ஆமையின் கதையைச் சொல்லும் படப்புத்தகத்தை என் ஆறு வயது மகளுக்குப் படித்துக் காட்டினேன். "ஆமை அதுக்கு அம்மாவா, அப்பாவா?" என்று கேட்டாள். முழித்தேன். "இப்பவும் ஒண்ணாத்தான் இருக்காங்களா?" என்றதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நிம்மதியாகத் தூங்கட்டுமே என்றுதான். சரிதானா?

ச.

அன்புள்ள ச.,

முஸே ஆண். ஆனாலும் அப்பா என்று சொல்லிவிட முடியாது. ஆமைகளிடம் அப்படியொரு பதவியே கிடையாது. பெண் ஆமை குழி தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு வெளியே வரும்போது தாயுமில்லை, தகப்பனுமில்லை. முஸேக்கு அப்போது சுமார் 130 வயது என்பார்கள். பிள்ளை வளர்ப்பு என்றால் என்னவென்றே தெரியாமல் கழிந்த வயது அது.

நீர்யானைக் குட்டியோ வருடக்கணக்கில் தாயை ஒட்டியே இருக்கும். 2004 டிசம்பர் 26 அன்று நம் கரையை அடித்த அதே சுனாமி கென்யாவின் மலிந்தி கடற்கரையையும் தாக்கியது. கூட்டத்தைப் பிரிந்து கடலோரத்தில் தவித்த குட்டியை மறுநாள் ஊர்க்காரர்கள் வலைபோட்டுப் பிடித்தார்கள். மொம்பாசா அருகே, பழைய சுண்ணாம்புக்கல் குவாரியில் மரம் வளர்த்து உருவாக்கிய ஹாலர் பூங்காவில் இறக்கிவிட்டதும், அது நேராக ஓடிப்போய் முஸேயின் பின்னால் ஒளிந்துகொண்டது. கிட்டத்தட்ட 270 கிலோ எடையுள்ள கைக்குழந்தை! ஆமை சீறியது, நகர்ந்து பார்த்தது. குட்டி விடவில்லை. எனக்குப் பிடித்த இடம் இதுதான். பார்த்ததும் ஆமைக்குப் பாசம் பொங்கிவிட்டது என்பவர்களை நம்பாதீர்கள். தப்பித்து ஓட அதற்கு வேகம் போதவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலையில் இரண்டும் ஒட்டிப் படுத்திருந்தன. அப்புறம் ஆமையைப் பார்த்துத்தான் குட்டி இலை தின்னவே ஆரம்பித்தது. நடக்கச் சொல்லி ஆமையின் காலை மூக்கால் நெம்பும். ஆக, மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: அது அம்மாவுமில்லை அப்பாவுமில்லை, குட்டி பிடித்துவைத்துக்கொண்ட ஆள்.

இரண்டாவது கேள்விக்கு உண்மையையே சொல்லியிருக்கலாம். ஓவன் வளர்ந்தது. விளையாட்டாக முட்டினாலே ஆமைக்கு அடிபடும் என்ற நிலை வந்ததும் பிரித்துவிட்டார்கள். கிளியோ என்ற பெண் நீர்யானை ஓவனுக்குத் துணையானது. தாயைப் பிரிந்த பக்கத்தையே தாங்கிய குழந்தை இதையும் தாங்குவாள். "அப்போ ஆமை தனியா இருக்குமே?" என்று கேட்பாள். அந்தப் பூங்காவில் வேறு ராட்சத ஆமைகளும் உண்டு என்று சொல்லுங்கள்.